அடுத்த தேதியைக் குறிக்காமல் கிளம்பாதீர்கள்

கேள்வி: ஐயா, ஓர் ஆசானிடம் நான்கு ஆண்டுகள் உடனிருந்து லாடம் அடிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஒன்றரை ஆண்டுகளாகத் தனியே தொழில் செய்து வருகிறேன். ஏறத்தாழ 60 குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களைவிடக் கட்டணம் குறைவாகத்தான் வாங்குகிறேன். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. ஆறு வாரத்தில் கூப்பிட வேண்டியவர்கள் ஒன்பது, பத்து வாரம் வரை இழுத்துவிட்டு, லாடம் கழன்று விழுந்தால் என் வேலை சரியில்லை என்கிறார்கள். ஒரு குதிரைக்கு வந்த த்ரஷ் என்ற குளம்பழுகல், எத்தனை முறை வெட்டிச் சுத்தம் செய்தாலும் திரும்ப வருகிறது. போதாக்குறைக்கு, போன மாதம் நான் லாடம் அடித்த ஒரு குதிரை மூன்றாம் நாள் முன்காலைத் தாங்கி நொண்டத் தொடங்கியது. என் வேலையில் தவறு இருக்காது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வேறொருவரை வரவழைத்து ஓர் ஆணியைப் பிடுங்கியதும் குதிரை சரியாகிவிட்டதாம். இப்போது அந்த உரிமையாளர் கூலியும் தரவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் என்னைக் குறை சொல்கிறார். நான் எங்கே என்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நீங்கள் நான்கு குறைகளை எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் மூன்று ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பது என் கருத்து. அடுத்த முறை எப்போது வருவது என்பதை நீங்கள் முடிவு செய்யாமல், உரிமையாளரின் நினைவுக்கும் வசதிக்கும் விட்டிருக்கிறீர்கள். அதை விரிவாகச் சொல்கிறேன். ஆனால் காலைத் தாங்கிய குதிரையைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும். அது போன்றது நாளையே வேறொரு குதிரைக்கு நடக்கலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த ஆணி உயிருள்ள திசுவைக் குத்தவில்லை, அதற்கு மிக நெருக்கமாகப் போயிருக்கிறது என்றே தோன்றுகிறது. குத்தியிருந்தால் சுத்தியல் விழும்போதே குதிரை காலை இழுத்திருக்கும். பெரும்பாலும் இரத்தமும் தெரிந்திருக்கும். நெருக்கமாகப் போன ஆணி அன்றைக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. குளம்புச் சுவரின் உட்புறம் வெளிப்புறத்தைவிட மென்மையானது. ஆணி அந்தப் பகுதியை உள்நோக்கித் தள்ள, அதை ஒட்டியிருக்கும் உணர்வுள்ள திசு அழுத்தத்துக்கு உள்ளாகி, குதிரை நடக்க நடக்க அது வலியாக மாறுவதற்கு இரண்டு மூன்று நாட்கள், சில வேளைகளில் ஒரு வாரத்துக்கு மேலும்கூட ஆகும். மூன்றாம் நாள் தாங்கியதும், ஒரே ஓர் ஆணியைப் பிடுங்கியவுடன் தேறியதும் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆகவே உரிமையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தகைய ஆணி நல்ல கைக்காரரிடமும் எப்போதாவது விழக்கூடியதுதான். உங்கள் பெயரைக் கெடுத்தது அந்த ஆணி அல்ல, குதிரையைப் பார்க்காமலேயே நீங்கள் தொலைபேசியில் சொன்ன பதில்.

ஆணியை அடிக்கும்போது கையும் காதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். லாட ஆணியின் முனையில் ஒரு பக்கம் மட்டும் சரிவு உண்டு. அந்தச் சரிவு குளம்பின் உட்பக்கத்தைப் பார்த்திருந்தால்தான் ஆணி வெளிநோக்கி வளைந்து, சுவரைத் துளைத்து வெளியே வரும். குளம்பின் அடியில் சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டின் வெளியோரத்தில் நுழைந்து, சுவரின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் வெளிவருவதே நல்ல ஆணி. கெட்டியான பகுதியில் ஏறும் ஆணி ஒவ்வோர் அடிக்கும் எதிர்ப்பைக் காட்டும். ஓசையும் திடமாக இருக்கும். ஆணி திடீரென்று மெத்தென இறங்கி ஓசை மங்கினாலும், குதிரை தோளை இறுக்கினாலும், முனை வர வேண்டிய உயரத்துக்கு மேலே வந்தாலும், அங்கேயே நிறுத்தி ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள். ஆணி உலர்ந்திருந்தால் கோணத்தை மாற்றி மறுபடி அடிக்கலாம். ஈரமோ இரத்தமோ இருந்தால் அந்தத் துளையில் மீண்டும் ஆணி போடக்கூடாது. துளையைக் கிருமிநாசினியால் கழுவி, உரிமையாளரிடம் அந்த இடத்திலேயே சொல்லி, குதிரைக்கு டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று கேட்டு, கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் குதிரைகளை மிக எளிதில் கொல்லும் நோய் என்பதால், இதில் கூச்சப்பட்டு மறைப்பதற்கு இடமே இல்லை.

இனிமேல், லாடம் அடித்த சில நாட்களில் குதிரை நொண்டுகிறது என்று எவர் அழைத்தாலும், தவறு யாருடையது என்ற பேச்சை எடுக்காமல் அன்றைக்கே போங்கள். அந்த வருகைக்குக் கட்டணம் வாங்காதீர்கள். குளம்பின் சூட்டையும், கணுவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் நாடியையும் மற்றக் கால்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் ஆணித் தலையையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, குளம்பை அழுத்திப் பார்க்கும் இடுக்கியால் சுற்றிலும் அழுத்தி, குதிரை எந்த இடத்தில் காலை இழுக்கிறது என்று கண்டறிந்து, அங்கிருக்கும் ஆணியை முதலில் எடுங்கள். எடுத்த ஆணி கறுத்து ஈரமாக இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அது மருத்துவரின் வேலை. லாடம் அடித்த பிறகு வரும் நொண்டல் எல்லாமே ஆணியால் வருவதும் இல்லை. அடிப்பகுதியை அதிகம் செதுக்கியதால் வரலாம், கல் குத்தியிருக்கலாம், முன்பே உருவாகிக்கொண்டிருந்த சீழாக இருக்கலாம், காலின் மேற்பகுதியில் வேறு சிக்கல் இருக்கலாம். எனவே ஒவ்வொரு வேலையிலும் காலைத் தூக்குவதற்கு முன் குதிரையைச் சமதரையில் நடக்கவிட்டு, இரு பக்கமும் திருப்பச் சொல்லி, சில அடிகள் ஓடவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்பே தாங்கிய குதிரையை, வேலைக்குப் பின் தாங்கியதாக யாரும் சொல்ல முடியாமல் போகும்.

அந்த உரிமையாளரை நேரில் போய்ப் பாருங்கள். ஆணி நெருக்கமாகப் போயிருக்கிறது, நான் உடனே வந்து பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கூலியைக் கேட்காதீர்கள். ஆணியைப் பிடுங்கிய மற்றத் தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். ஒரே வட்டாரத்தில் குதிரைகளைப் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் தூற்றிக்கொள்வதால் வாடிக்கையாளரின் நம்பிக்கை இருவர் மீதும் குறைகிறது. அதைவிட, நீங்கள் உடல்நலமில்லாமல் படுக்கும் வாரத்தில் உங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் அவராகவே இருக்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. முன்முனை முழுவதும் புதிதாக வளர்ந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். இந்த வளர்ச்சி நேர்கீழாக நடப்பதில்லை, சுவரின் சரிவு வழியே முன்னோக்கி நடக்கிறது. லாடம் போட்ட குளம்பின் முன்முனை தரையில் தேய வழியில்லாததால் நீண்டுகொண்டே போகும். குளம்பின் பின்பக்கமாகிய குதிப்பக்கமோ, ஒவ்வோர் அடியிலும் எடை விழும்போது விரிந்து சுருங்குவதால் லாடத்தின் மேல் உரசி, சிறிது சிறிதாகத் தேயும். இப்படி முனை நீண்டு குதி தாழ்வதால் குளம்பின் கோணம் வாரத்துக்கு வாரம் சரிகிறது. ஆணியால் பிணைக்கப்பட்ட லாடம் முனையோடு சேர்ந்து முன்னால் போய்விட, ஐந்து வாரத்துக்கு முன் குதியைத் தாங்கிக்கொண்டிருந்த அதன் நுனிகள் இப்போது குதிக்கு முன்னாலேயே முடிந்து, அடிப்பகுதியின் மூலையை அழுத்துகின்றன. காலைத் தூக்கும்போது குதிரை அந்த நீண்ட முனையைத் தாண்டி உருள வேண்டியிருக்கிறது. காலுக்கு மிஞ்சிய நீளமுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறுவது போன்றது அது. காலின் பின்புறமாக இறங்கி, குளம்பின் பின்பகுதிக்குள் இருக்கும் நாவிக்குலர் என்ற சிறு எலும்பின் மேல் வளைந்து, குளம்புக்குள் இருக்கும் எலும்பைப் பற்றியிருக்கும் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் கூடுதல் இழுப்பைத் தாங்குகிறது. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்கால்களின் மேல் நிற்பதால், இந்தச் சேதம் முன்கால்களில்தான் முதலில் தெரியும்.

உரிமையாளரிடம் இதை வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது எளிது. தவணை தாண்டிய குதிரையின் பழைய லாடத்தைக் கழற்றியவுடன் கீழே எறிந்துவிடாமல், குளம்பைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள். குதிப்பக்க நுனிகள் இரண்டிலும், இரும்பிலேயே, பளபளப்பான ஆழமற்ற பள்ளங்கள் இருக்கும். குளம்பு விரிந்து சுருங்கிய தடம் அது. இரும்பையே இவ்வளவு தேய்த்திருக்கிறது என்றால் குளம்பு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்பார். அதே போல, சுவரில் குறுக்காக ஓடும் வளையங்களையும் காட்டுங்கள். மேலே முடி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு வளையம் 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், மூன்று முதல் ஐந்து மாதங்களுக்கு முன் காய்ச்சலோ, தீவன மாற்றமோ, வேறு பெரிய மாறுதலோ நடந்திருக்க வேண்டும். அப்போது என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டு, உரிமையாளர் நினைவுபடுத்திச் சொல்லும்போது, நீங்கள் இரும்பு மாட்டிவிட்டுப் போகிறவர் இல்லை, குளம்பைப் படிக்கத் தெரிந்தவர் என்று அவருக்குப் புரியும்.

லாடம் கழன்று விழுவதும் இதே கணக்கில்தான் வருகிறது. வாரங்கள் கூடக்கூட, மடித்து வைத்த ஆணி முனைகள் சுவரிலிருந்து எழும்பும். ஆணித் துளைகள் அகலும். லாடம் அசையத் தொடங்கும். அசையும் லாடம் கழலும்போது தனியாகக் கழலாது, சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும். அடுத்த முறை நீங்கள் வரும்போது ஆணி அடிக்கக் கெட்டியான இடமே இருக்காது. இருக்கும் இடத்தில் சற்று உள்ளே தள்ளி அடிக்கிறீர்கள். அது நெருக்கமாகப் போகிறது. உங்கள் போன மாதத்துக் குதிரை எத்தனை வாரம் கழித்து உங்களிடம் வந்தது என்று உங்கள் குறிப்பில் பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள்: தேதி, முன்முனையின் நீளம், கோணம், லாடத்தின் அளவு, ஆணியின் அளவு, கண்ட குறைகள், பக்கவாட்டிலும் முன்னாலும் அடியிலும் எடுத்த படங்கள். பக்கவாட்டுப் படத்தைத் தரைமட்டத்தில் கருவியை வைத்து எடுத்தால்தான் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் ஒப்பிட முடியும்.

லாடம் போட்ட குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 முதல் 6 வாரம் சரியான இடைவெளி. மெதுவாக வளரும் குளம்புக்கும், வளர்ச்சி குறையும் குளிர்காலத்திலும் 8 வாரம் வரை போகலாம். குட்டிகளை மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் கணுப் பகுதியின் எலும்பு வளர்ச்சி முதல் மூன்று மாதங்களிலேயே பெருமளவு முடிந்துவிடுவதால், கோணல் கால்களுக்கு உதவக்கூடிய காலம் மிகக் குறுகியது. எந்தக் குதிரைக்கு எத்தனை வாரம் என்பதை அதன் குளம்பைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இதையே பணக் கணக்காகப் பாருங்கள். 60 குதிரைகள் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்றால், ஆண்டுக்கு 520 வேலைகள், வாரத்துக்குப் பத்து. அதே 60 குதிரைகள் ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 347 வேலைகள்தான். உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. மிஞ்சும் வேலைகளும் கடினமானவை: நீண்டு, பிளந்து, விரிந்த குளம்பைச் சரிசெய்ய அதிக நேரம் பிடிக்கும், கழன்ற லாடத்தைத் திரும்பப் போட ஒற்றைக் குதிரைக்காகப் பயணம் செய்ய வேண்டும். புதிய வாடிக்கையாளர்களைத் தேடி அலைவதற்கு முன், இருக்கும் குதிரைகளைத் தவணைக்குள் கொண்டுவந்தாலே உங்கள் நிலைமை மாறிவிடும்.

கடைசிக் காலைக் கீழே வைத்ததும், கருவிகளை அடுக்குவதற்கு முன்பே அடுத்த தேதியைக் கிழமையோடும் நேரத்தோடும் எழுதிக் கொடுங்கள். எப்போது வரட்டும் என்று கேட்காதீர்கள். இந்தக் குளம்புக்கு ஆறு வாரம், ஆகவே இந்த நாள் என்று சொல்லுங்கள். மூன்று நாட்களுக்கு முன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். முதல் நாள் இரவில் வேண்டாம் என்று சொல்கிறவரிடம் பயணச் செலவை வாங்குவதில் தவறில்லை, அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால். கழன்ற லாடத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: குறித்த தவணையில் வந்த குதிரைக்கு, முதல் மூன்று வாரங்களுக்குள் லாடம் கழன்றால் கட்டணமின்றிப் போட்டுத் தருவேன், தவணை தாண்டி வரும் குதிரைக்கு அந்த உறுதி இல்லை. இதைவிட வலுவாகத் தவணையைக் காக்கும் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் உரிமையாளருக்கும் இதில் கணக்கு நேராகத் தெரிகிறது. சேற்று நிலத்தில் பின்கால் பட்டு முன்லாடத்தை மிதித்துப் பிடுங்கிக்கொள்ளும் குதிரைகளுக்கு மட்டும் மணி வடிவக் காலுறையைப் போடச் சொல்லுங்கள். அது உங்கள் ஆணியின் குறை அல்ல.

த்ரஷ் விஷயத்தில் உங்கள் உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது. குளம்பின் அடியில் ஆப்பு வடிவில் மெத்தென்றிருக்கும் ஃபிராக்கின் பள்ளங்களில் கறுத்த, நாற்றமடிக்கும் கசிவு வருகிறது என்றால், காற்றுப் படாத ஈரத்தில் பெருகும் கிருமிகள் அங்கே இருக்கின்றன. நீங்கள் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கத்தியோடு வருகிறீர்கள். சாணமும் சிறுநீரும் ஊறிய படுக்கை அன்றாடம் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் கிழிசலையும், அழுக்கைப் பிடித்து வைக்கும் மடிப்புகளையும் மட்டும் எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். அதற்கு மேல் செதுக்குவது, குதிரைக்கு இருக்கும் பாதுகாப்பையும் வெட்டி எறிவதாகும். குதிரையைப் பராமரிப்பவரை அருகில் அழைத்து, குதியிலிருந்து முனையை நோக்கிப் பள்ளங்களைத் துப்புரவாக்கும் முறையை அவர் கையாலேயே செய்ய வைத்துக் காட்டுங்கள். படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். குதிரை நாள்தோறும் நடக்க வேண்டும். குதி குறுகி, நடுப்பிளவு ஆழமாகப் போன குளம்பில் த்ரஷ் சுலபமாக அகலாது. அங்கேயும் முனையைக் குறைத்து, குதியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் தவணை வேலைதான் நீண்ட கால மருந்து. பிளவில் விரலை வைத்ததும் குதிரை காலை இழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, காலிஃபிளவர் போன்ற சதை வளர்ந்திருந்தாலோ, அதற்கு மேல் நீங்கள் கைவைக்காமல் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மருத்துவரின் எல்லையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்கால்களை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும் குதிரை, சூடான குளம்புகள், விரலடியில் துடிக்கும் நாடி ஆகியவற்றைக் கண்டால் லேமினைட்டிஸ் என்ற குளம்பின் உள்திசு அழற்சி என்று சந்தேகித்து, அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் திசு வலுவிழக்கும் நேரத்தில், சுத்தியல் அடியும் வலுக்கட்டாயமான நடையும் கேட்டையே செய்யும். ஆழமான மென்படுக்கையில் நிற்கவைத்து, மருத்துவரை உடனே வரவழைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி. பின்னர் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு அவரும் நீங்களும் சேர்ந்து திட்டமிடலாம். கடந்து போன லேமினைட்டிஸின் அடையாளங்களாகிய, குதிப்பக்கம் விரிந்து முன்பக்கம் நெருங்கிய வளையங்களையும், அகன்ற வெள்ளைக் கோட்டையும் நீங்கள்தான் முதலில் காண்பீர்கள். உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குளம்பின் அடியில் தெருவில் கிடந்த ஆணி ஏறியிருந்தால், மருத்துவர் விரைவில் வர முடியுமானால் அதைப் பிடுங்காமல், மேலும் உள்ளே போகாதபடி கட்டிவைத்து அவருக்காகக் காத்திருங்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பதை ஆணி இருக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே சொல்லிவிடும். யார் என்ன செய்யலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே லாடம் அடிக்க முடியும், வேறு பல இடங்களில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. உங்கள் பகுதியின் விதியை எழுத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். மற்றவர்களைவிடக் குறைவு என்பது விலையை நிர்ணயிக்கும் முறை ஆகாது. மற்றவரின் செலவு உங்களுக்குத் தெரியாது. லாடம், ஆணி, தேய்ந்து தூக்கி எறியும் அரம், உலை எரிபொருள், வண்டியும் அதன் பழுதும், காப்பீடு, வரி, வேலை இல்லாத நாட்கள், உடம்பு முடியாத நாட்கள், முதுமைக்கான சேமிப்பு, உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய மாத வருமானம் ஆகிய அனைத்தையும் ஓராண்டுக்குக் கூட்டி, ஆண்டில் உங்களால் உண்மையில் செய்ய முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. உயர்த்துங்கள். ஒரு தவணைக்கு முன்பே எழுத்தில் அறிவித்து, காரணங்களை அடுக்காமல், எல்லாருக்கும் ஒரே நாளிலிருந்து உயர்த்துங்கள். சிலர் விலகுவார்கள்; பெரும்பாலும் தவணையை இழுக்கிறவர்களும் கடன் சொல்கிறவர்களுமே முதலில் விலகுவார்கள். குளம்பை வெட்டிச் சீராக்குவது, பழைய லாடத்தைத் திரும்பப் போடுவது, புது லாடம், சிறப்பு லாடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை வையுங்கள். வேலை முடிந்த அன்றே பணம். ஒரு தவணைக்கு மேல் நிலுவை வைத்திருப்பவரின் குதிரைக்கு அடுத்த தேதி குறிக்க வேண்டாம். தொழிலின் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். தொலைவான இடத்துக்கு இத்தனை குதிரைகளாவது சேர்ந்தால்தான் வருவேன் என்று ஓர் எண்ணிக்கை வைத்து, ஒரே பக்கத்துக் குதிரைகளை ஒரே நாளில் அடுக்குங்கள். தேதியை நீங்கள் குறிக்கும்போதுதான் இந்த அடுக்குதல் சாத்தியமாகும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் முதுகு. சமமான, உலர்ந்த, வெளிச்சமுள்ள இடத்தையும், குதிரையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆளையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. உதைக்கும் குதிரையை வீரத்துக்காகப் பிடித்து நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் வந்தால் செய்கிறேன், இல்லையென்றால் செய்வதற்கில்லை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இடையில் நிமிர்ந்து நில்லுங்கள். ஒரு நாளுக்கு எத்தனை குதிரை என்பதற்கு உச்ச வரம்பு வைத்து, அதற்கு மேல் அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்; கை தளர்ந்த மாலை நேரத்தில்தான் ஆணி நெருக்கமாகப் போகிறது.

அறுபது குதிரைகளையும் ஒரே மாதத்தில் தவணைக்குள் கொண்டுவர முயல வேண்டாம். இந்த வாரம் உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். முனை மிகவும் நீண்டவை, சுவர் பெயர்ந்தவை, குதி தாழ்ந்தவை ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் முனையை ஒரே முறையில் வெட்டித் தள்ள முடியாது. இரண்டு மூன்று தவணைகளுக்கு நான்கு அல்லது ஐந்து வார இடைவெளியில் சிறிது சிறிதாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லி, அந்த மூன்று தேதிகளையும் ஒரே சமயத்தில் எழுதிக் கொடுங்கள். சுவர் மிக மெல்லியதாக இருக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம். ஆனால் பலன் தெரிவதற்குப் பல மாதங்கள் ஆகும், ஏனென்றால் புதிய சுவர் மேலிருந்து வளர்ந்து இறங்க வேண்டும். அடுத்ததாக, ஒரே இடத்தில் நான்கைந்து குதிரைகள் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் உங்கள் நாட்காட்டியில் பாதி நிரம்பிவிடும். தவணைக்கு ஒத்துக்கொள்ளாத சிலர் கடைசியில் மிஞ்சுவார்கள். அவர்களோடு வாதிடாதீர்கள், நாட்காட்டியில் இடம் இருக்கும் வாரத்தில், உறுதி எதுவும் கொடுக்காமல், முழுக் கட்டணத்துக்குச் செய்து கொடுங்கள். இடம் இல்லாத வாரத்தில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.